ரொட்ரிகஸின் ‘கோல்ட் ஃபேக்ட்’ யாரும் கேட்காத இசைத்தட்டா?

11 ஆகஸ்ட் 2023 — மலேசியாவின் கம்பார் ஊர் வாசகர் ஒருவரின் கேள்வி

அமெரிக்கப் பாடகர் சிக்ஸ்டோ ரொட்ரிகஸ் இம்மாதம் 8ஆம் தேதி தமது 81ஆவது வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்துவிட்டு, தென்னாப்பிரிக்க ரசிகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும் ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆவணப்படத்தை மறுபடியும் பார்த்தேன். அந்தப் படம் வந்திராவிட்டால், 1970இல் வெளியான ‘கோல்ட் ஃபேக்ட்’ இசைத்தட்டை இன்று ஒருவரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. பாடல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நம்மை உருக்குவது அவருடைய கதைதானே தவிர இசை இல்லை. சுங்கை சிப்புட் அண்ணன் இதற்கு என்ன சொல்கிறார்?

12 ஆகஸ்ட் 2023

தம்பி, நான் மறுக்கிறேன். அந்தப் படம் 2012இல் வந்தது. அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ‘கோல்ட் ஃபேக்ட்’ எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துவிட்டது. பெர்த்தில் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது, பேனாவால் பெயர் எழுதிய ஒரு கேசட்டைக் கொண்டு வந்தார். தம்மோடு தங்கியிருந்த ஆஸ்திரேலிய மாணவர்களுக்கு அந்தப் பாடல்கள் மனப்பாடம் என்றும், பாடகரே அந்த நாட்டுக்கு வந்து மேடையேறிப் பாடியிருக்கிறார் என்றும் சொன்னார். ஆகவே, அவர் தீக்குளித்து இறந்தார், மேடையிலேயே சுட்டுக்கொண்டார் என்றெல்லாம் தென்னாப்பிரிக்காவில் உலவிய வதந்திகளைப் படத்தில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தோட்டத்தில் அவர் உயிரோடுதான் இருந்தார்.

அவர் 1979இல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்தார். 1981இல் மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவினருடன் மறுபடியும் சென்றார். 1979 பயணத்தின் நேரடிப் பதிவு ஒன்றுகூட அங்கே இசைத்தட்டாக வெளிவந்தது. யாரும் கேட்காத ஒருவருக்கு இரண்டு சுற்றுப்பயணங்களும் ஒரு நேரடி இசைத்தட்டும் எப்படி அமைந்திருக்கும்?

13 ஆகஸ்ட் 2023

ஈப்போ நண்பர் ஒருவர், “அப்படியானால் படம் பொய்யா?” என்று கேட்கிறார். பொய் என்று நான் சொல்லவில்லை. இயக்குநர் மாலிக் பென்ஜலூல் தென்னாப்பிரிக்கக் கதையைத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்திரேலியக் கதையைச் சேர்த்தால் “தொலைந்துபோன மனிதர்” என்ற மர்மம் நிற்காது என்பதால் அதைத் தொடாமல் விட்டுவிட்டார். இதற்காகப் படம் வந்த காலத்திலேயே அவரைக் குறைகூறியவர்கள் உண்டு. எனினும் அவர் தேடலைக் காட்டிய விதம் அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

19 ஆகஸ்ட் 2023

அமெரிக்காவில் ‘கோல்ட் ஃபேக்ட்’ ஏன் விற்கவில்லை என்பதைப் பற்றி வார இறுதியில் யோசித்துக்கொண்டிருந்தேன். “சிறிய நிறுவனம், விளம்பரம் செய்யப் பணமில்லை” என்று பலரும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். இதை அப்படியே ஏற்க முடியவில்லை. ‘கோல்ட் ஃபேக்ட்’டை வெளியிட்டது கிளாரன்ஸ் அவான்ட் நடத்திய சசெக்ஸ் நிறுவனம். அதே சசெக்ஸ்தான் 1971இல் சோல் பாடகர் பில் விதர்ஸின் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, ‘ஏய்ன்ட் நோ சன்ஷைன்’ பாடலை நாடறியச் செய்தது. ரொட்ரிகஸின் இசைத்தட்டைத் தயாரித்த இருவரில் ஒருவரான டென்னிஸ் கோஃபிக்கும் அதே ஆண்டில் அதே நிறுவனத்தின் வழியாக ‘ஸ்கார்பியோ’ என்ற பெருவெற்றி கிடைத்தது. நிறுவனம் இயலாத நிறுவனம் இல்லை.

என் ஊகம் இது: வெள்ளையர் ராக் நிலையங்கள், கறுப்பர் சோல் நிலையங்கள் என்று அமெரிக்க வானொலி அன்று பிரிந்து கிடந்தது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் மகன், டெட்ராய்ட் சோல் கலைஞர்களை வைத்துக்கொண்டு, பாப் டிலனுக்குப் பின்வந்த நாட்டார் ராக் பாணியில் பாடிய இசைத்தட்டை எந்த நிலையத்தில் போடுவது? அதோடு, அவர் தம்மை விற்கத் தெரியாதவர். மதுக்கூடங்களில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினார் என்று அவரைக் கண்டெடுத்த தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். முகத்தைப் பார்க்காமல் பாடுகிறவரை எங்கள் தோட்டத் திருவிழா மேடையில் ஏற்றியிருந்தால், இரண்டாவது பாட்டுக்குள் செருப்பு வந்திருக்கும்.

20 ஆகஸ்ட் 2023

இன்னொன்று. 1967இல் அவர் வெளியிட்ட முதல் தனிப்பாடலில் அவர் பெயரை ‘ராட் ரிகஸ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலேயர் பெயர்போல ஒலிக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் நம் தாத்தாக்களின் பெயரை எப்படி எழுதினார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

2 செப்டம்பர் 2023

இசையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதே என் பெரிய குறை. ஆகவே நானே பேசுகிறேன். எண்பதுகளில் சுங்கை சிப்புட், சலாக் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் பாடிய ஓர் இசைக்குழுவில் நான் பேஸ் கித்தார் வாசித்தவன். எனவே எந்த இசைத்தட்டைக் கேட்டாலும் என் காது முதலில் அடித்தளத்துக்குத்தான் போகும். ‘ஐ வொண்டர்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது பேஸ் கித்தார். அதை வாசித்தவர் பாப் பாபிட். மோட்டௌன் இசை நிறுவனத்தின் புகழ்பெற்ற வாத்தியக் குழுவைச் சேர்ந்தவர். டென்னிஸ் கோஃபியும் அதே குழுவில் வாசித்தவர். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘க்ளவுட் நைன்’ பாடலில் ‘வா-வா’ கித்தாரை ஒலிக்கச் செய்தவர். டிரம்ஸ் ஆண்ட்ரூ ஸ்மித். நரம்பிசைக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் இசைக்கோப்பு மைக் தியோடர். டெட்ராய்ட்டின் தெரா ஷிர்மா ஒலிப்பதிவுக்கூடத்தில் 1969 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பதிவு நடந்தது.

பதிவு நடந்த முறைதான் கவனிக்கத்தக்கது. ரொட்ரிகஸ் முதலில் தனியாகத் தம் குரலையும் கித்தாரையும் பதிவு செய்துவிட்டார். மற்ற வாத்தியங்கள் பின்னர் அதன்மேல் சேர்க்கப்பட்டன. பொதுவாகத் தாளமும் பேஸும் முதலில் பதிவாகும், பாடகர் அதன்மேல் பாடுவார். இங்கே பாடகரின் தனிப்போக்கான நடைக்கு வாத்தியக்காரர்கள் பின்னால் வந்து கால் பொருத்தியிருக்கிறார்கள். இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். பாடகர் எங்கே இழுப்பார், எங்கே அவசரப்படுவார் என்று மனப்பாடம் செய்தால்தான் இயலும். ‘க்ரூசிஃபை யுவர் மைண்ட்’ பாடலில் பித்தளை வாத்தியங்கள் அவர் மூச்சு விடும் இடங்களில் மட்டும் நுழைந்து வெளியேறுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ஏழைக் கலைஞர் தெருவில் அமர்ந்து பாடியதை யாரோ பதிவு செய்தது போன்ற ஒலி இதில் எங்கும் இல்லை. அன்றைய டெட்ராய்ட்டின் மிகச் சிறந்த கைகள் செய்த வேலை இது.

இன்னும் சொல்லப்போனால், பன்னிரண்டு பாடல்களில் ‘ஹேட் ஸ்ட்ரீட் டயலாக்’, ‘கொமோரா’ ஆகிய இரண்டும் ரொட்ரிகஸ் எழுதியவையே இல்லை. அவற்றை எழுதியவர்கள் கேரி ஹார்வி, தியோடர், கோஃபி மூவரும். பாடலாசிரியரின் தனிக்குரல் என்று இந்த இசைத்தட்டைப் போற்றுகிறவர்கள் இந்த இரண்டையும் அவர் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

3 செப்டம்பர் 2023

‘கொமோரா’வில் வரும் சிறுவர் குரல்கள் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அதை மட்டும் தாண்டிவிட்டுக் கேட்பேன்.

17 செப்டம்பர் 2023

கோலகங்சாரிலிருந்து ஆசிரியர் ஐயா நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். நான் ஒலிப்பதிவுக்கூடத்தை உயர்த்திப் பாட்டாளியைத் தாழ்த்துகிறேனாம். ரொட்ரிகஸ் கட்டடம் இடிக்கும் கூலித் தொழிலாளி, இந்த இசைத்தட்டு ஒரு தொழிலாளியின் வாக்குமூலம், நம் தோட்டத்து ஏற்றப்பாட்டையும் தாலாட்டையும் கேட்பது போலத்தான் இதையும் கேட்க வேண்டும் என்பது ஐயாவின் வாதம்.

ஐயா, தங்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் காலவரிசையைச் சற்றே பாருங்கள். பதிவு நடந்தபோது அவருக்கு வயது 27. படத்தில் நாம் காணும் அந்த நீண்ட உழைப்பு ஆண்டுகள், ‘கோல்ட் ஃபேக்ட்’டும் 1971இல் வந்த ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’யும் விற்காமல் போன பிறகு வந்தவை. அந்த உழைப்பினிடையே 1981இல் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டமும் பெற்றார். நகர அரசியலிலும் தேர்தலுக்கு நின்றார். படத்தில் பனியில் நடக்கும் முதியவரின் முகத்தை 27 வயது இளைஞரின் குரல்மேல் ஒட்டவைத்துக் கேட்பது அந்த இளைஞருக்கு நியாயம் செய்யாது. அந்தக் குரலில் பரிதாபம் தேடாதீர்கள். அதில் கிண்டல் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது, பெண்களிடம் கொஞ்சம் கொடுமைகூட இருக்கிறது. ‘ஒன்லி குட் ஃபார் கான்வர்சேஷன்’ பாடலைக் கேட்டுவிட்டு யாரும் அவரை மகான் என்று சொல்ல மாட்டார்கள்.

18 செப்டம்பர் 2023

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். நான் ஏன் இவ்வளவு காரமாக எழுதுகிறேன் என்று எனக்கே தோன்றியது.

காரணம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியான காலத்தில் எங்களைப் படமெடுக்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர்; அத்தோடு வட்டாரத்திலேயே நல்ல ஹார்மோனியக்காரர். வந்தவர்கள் அவர் கையில் உளியைக் கொடுத்துப் படமெடுத்தார்கள். ஹார்மோனியத்தை வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. பின்னணியில் புல்லாங்குழலைச் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே ஒரு கலைஞரின் முதுகை மட்டும் காட்டிச் சோக இசை போடுகிற எந்தப் படத்தைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் ஒரு பகுதி பென்ஜலூலுக்கு உரியதில்லை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் இதனால் என் வாதம் மாறிவிடாது. உழைப்பாளி என்பதால் அவருடைய இசைத்தட்டு உயர்ந்ததாகிவிடவில்லை. அது உயர்ந்த இசைத்தட்டு. அதைச் செய்தவர் பின்னாளில் உழைத்து வாழ்ந்தார். ஆசிரியர் ஐயா இந்த வரிசையை ஏற்றால் எங்களுக்குள் சண்டையே இல்லை.

1 அக்டோபர் 2023

தென்னாப்பிரிக்காவைப் பற்றி ஈப்போ நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். இந்த இசைத்தட்டு அங்கே இனவொதுக்கலை எதிர்த்தவர்களின் கீதம் என்று படம் சொல்வது உண்மையானால் அதைக் கறுப்பின மக்கள் பாடினார்களா என்கிறார். படத்திலேயே கவனித்துப் பாருங்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார்? பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களாய் இருந்தவர்கள். கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு அவர்களுடைய சொந்தப் பாடல்கள் இருந்தன. டெட்ராய்ட்டிலிருந்து கடன் வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கட்டுப்பாடான தேவாலயம், கட்டாய இராணுவச் சேவை, தணிக்கை ஆகியவற்றுக்குள் வளர்ந்த வெள்ளை இளைஞர்களுக்குத்தான், அதிகாரத்தைப் பார்த்துக் கேலியாகப் பேசும் ஒரு குரல் முதன்முதலாகக் கிடைத்தது. பின்னர் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் எதிர்ப்புப் பாடல் எழுதியவர்கள் சிலர் இந்த இசைத்தட்டைத் தங்கள் தொடக்கமாகச் சொல்வது உண்மை. அதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை, பெரிதாக்கவும் வேண்டியதில்லை.

அரசு வானொலிக் காப்பகத்தில் ‘சுகர் மேன்’ பாடலின் தடத்தைக் கூரிய கருவியால் கீறி வைத்திருக்கும் காட்சி எனக்கு மறக்கவே இல்லை. ஊசி ஓட முடியாதபடி தட்டையே காயப்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பாட்டில் அரசியல் ஒன்றுமில்லை, போதைப்பொருள்தான் இருக்கிறது. அரசியல் முழுக்க ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ளூஸ்’ என்று பலரும் சுருக்கி அழைக்கும் பாடலில் இருக்கிறது. மேயர், குப்பை, துப்பாக்கி விற்பனை என்று ஒரு நகரத்தின் குறைகளை மூச்சுவிடாமல் அடுக்குகிறார். மேயர் என்ற இடத்தில் வேறு பதவியை வைத்து அந்தப் பாட்டை நாங்கள் அந்தக் காலத்தில் பாடியதுண்டு. எந்தப் பதவி என்று இங்கே எழுதமாட்டேன்.

8 அக்டோபர் 2023

ஒரு பாட்டின் வரியே ஆளைக் கண்டுபிடிக்க உதவியது என்பது தேடல் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தென்னாப்பிரிக்காவில் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’யைக் குறுந்தகடாக வெளியிட்டபோது, ஸ்டீபன் சேகர்மன் என்ற ரசிகர் அதன் உறைக்குறிப்பில் இவரைப் பற்றித் துப்பறிய யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு எழுதினார். பத்திரிகையாளர் கிரேக் பார்த்தலோமியூ அதை ஏற்றுக்கொண்டார். ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ பாடலில் டெட்ராய்ட்டை அடுத்த டியர்போர்ன் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு டெட்ராய்ட்டுக்கும் தயாரிப்பாளர் தியோடருக்கும் போய்ச் சேர்ந்தார். ரொட்ரிகஸ் 1998 மார்ச்சில் கேப் டவுனில் மேடையேறினார். ஊர்ப்பெயரைப் பாட்டில் வைப்பவர்கள் தொலைந்துபோவதில்லை.

9 அக்டோபர் 2023

கம்பார் தம்பி விடுவதாக இல்லை. “ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் சரி, மற்ற உலகம் படத்தால்தானே அறிந்தது?” என்கிறார். படம்தான் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2013இல் கிடைத்த ஆஸ்கர் விருதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ராப் பாடகர் நாஸ் 2001இல் ‘சுகர் மேன்’ பாடலின் துண்டைத் தம் பாட்டில் எடுத்தாண்டார். 2002இல் டி.ஜே. டேவிட் ஹோம்ஸ் தம் தொகுப்பில் அதே பாடலைச் சேர்த்தார். லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 2008இல் ‘கோல்ட் ஃபேக்ட்’ முழுவதையும் மறுபதிப்பாக வெளியிட்டது. இவர்கள் யாரும் படத்தைப் பார்த்துவிட்டு வரவில்லை. பழைய தட்டுக் கடைகளில் விரலால் புரட்டுகிறவர்களின் காதுக்கு அது தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

29 அக்டோபர் 2023

“டிலனின் நகல்” என்று புதிதாக வந்த ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ‘லைக் ஜேனிஸ்’ பாடலுக்கு அது கொஞ்சம் பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. டிலன் வார்த்தைகளை மென்று துப்புவார்; ரொட்ரிகஸ் ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக உச்சரிப்பார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, ரிமூவ் என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து ஆங்கிலம் கற்ற எங்களுக்கு அது பெரிய உதவி. டிலனின் பாடல்களைப் பாட்டுப் புத்தகம் இல்லாமல் எங்களால் தொடர முடிந்ததில்லை. ரொட்ரிகஸின் பாடல்களைக் கேசட்டிலிருந்தே எழுதியெடுத்தோம். அந்தக் கேசட்டிலிருந்து அவருக்கு ஒரு காசும் போயிருக்காது என்பது வேறு விஷயம். தென்னாப்பிரிக்காவில் ஐந்து இலட்சம் பிரதிகள் வரை விற்றிருக்கலாம் என்று படத்தில் ஒரு நிறுவனத்தார் கணிக்கிறார்; அந்தப் பணமும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. பாடல் உரிமை தொடர்பாக 2014இல் வழக்குகூடத் தொடுக்கப்பட்டது.

14 நவம்பர் 2023

தீபாவளிக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முறுக்கும் விருந்தும் முடிந்த பிறகு, அண்ணன் மகன் கொண்டு வந்திருந்த ஒலிபெருக்கியில் இசைத்தட்டு முழுவதையும் போட்டோம். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே பொறுமையாக இருந்தார்கள். கதையை அவர்களுக்கு நான் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை. ‘சுகர் மேன்’ பாடலில் சுழன்று வரும் அந்த விசித்திர ஒலிகளைக் கேட்டு, இது இந்த ஆண்டு வந்ததா என்று ஒரு பிள்ளை கேட்டாள். ‘ஐ வொண்டர்’ வந்ததும் இரண்டு பேர் எழுந்து ஆடினார்கள். ‘ஜேன் எஸ். பிடி’யில் பாதிப் பேர் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் செய்தது சரி, இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் தொய்வுதான்.

கம்பார் தம்பிக்கு நான் காட்ட நினைத்தது இதைத்தான். கதை தெரியாத காதுகளுக்கும் இசைத்தட்டின் நல்ல பகுதிகள் போய்ச் சேர்கின்றன, தொய்வான பகுதிகள் தொய்வாகவே படுகின்றன.

15 நவம்பர் 2023

ஆசிரியர் ஐயாவின் தனி மடல் கிடைத்தது. வரிசையை ஏற்கிறாராம், ஆனால் “கொமோரா” பற்றி நான் சொன்னதை ஏற்கமாட்டாராம்; அந்தச் சிறுவர் குரல்களில்தான் அந்த நகரத்தின் கொடுமை முழுதும் இருக்கிறது என்கிறார். ஐயா, அடுத்த முறை சுங்கை சிப்புட்டுக்கு வரும்போது கேட்டுப் பார்ப்போம். ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ இதைவிட நல்ல இசைத்தட்டு என்று கூலிம் நண்பர் கிளப்பியிருக்கும் சர்ச்சைக்குத் தனி இழை தொடங்குங்கள். லண்டனில் ஸ்டீவ் ரோலண்ட் தயாரித்த அந்த இசைத்தட்டில் பாபிட்டின் பேஸ் இல்லை என்பதே என் முதல் ஆட்சேபம்.